உம் கொட்டும் காது

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறில் படிக்கும் பிள்ளை தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் போனால் முதலில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ‘அவர்கள் பூங்காவிற்குச் சென்றுகொண்டிருந்தார்கள்’ என்று முழு எழுத்துத் தமிழில் இருக்கும் அது. அடுத்து, ஒரு குறுங்காணொளியை ஒட்டிய உரையாடல். ‘காணொளியில என்ன பாத்தே?’ என்று தேர்வாளர் கேட்பார். பிள்ளை இப்போது நாக்கை வேறு பக்கம் திருப்ப வேண்டும். ‘அவங்க பூங்காவுக்குப் போய்க்கிட்டிருந்தாங்க’ என்று சொல்ல வேண்டும். சில நிமிட இடைவெளியில் ஒரே மொழியின் இரண்டு உருவங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்கிறோம்.

கேட்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தத் தேர்வு இல்லையென்றால் பேச்சுத்தமிழுக்கு எங்கள் பாடவேளையில் இடமே கிடைத்திருக்காது. 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வீட்டிலும் வெளியிலும் பேசும் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள் என்று சொன்னபோது ஆசிரியர் அறையில் எவ்வளவு வாக்குவாதம்! பேச்சுத்தமிழைப் பள்ளிக்கூடமா சொல்லிக் கொடுக்க வேண்டும், அது தானாக வராதா என்று கேட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் தானாக வரும். இங்கே வராது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 ஆயிற்று. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் என்பது அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி. பிள்ளையிடம் திரும்பும்போது அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

அப்படியானால் பேச்சுத்தமிழை எதைக் கொண்டு சொல்லிக் கொடுப்பது? புத்தகத்தால் முடியாது. நம் எழுத்துமுறை எழுத்துத் தமிழுக்கென்று அமைந்தது. ‘இலை’யை நாம் ‘எல’ என்கிறோம், ‘உடம்பு’ ‘ஒடம்பு’ ஆகிறது. இவற்றையாவது எழுதிக் காட்டலாம். ‘மரம்’ என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி மகரத்தில் உதடு ஒட்டாது. உயிரெழுத்து மூக்கு வழியாகக் கசிந்து முடிந்துவிடும். ‘அவன்’ என்பதிலும் அப்படித்தான். அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. ஹரால்ட் ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கண நூலில் இந்த மூக்கொலிகளை உரோமன் எழுத்தின்மேல் குறியிட்டுத்தான் காட்டினார். பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் குறிகளைக் காட்ட முடியுமா? காதுக்குள்தான் போட வேண்டும். கேட்டல், பேசுதல் பயிற்சிக்கு ஒலிப்பதிவுக் கருவி ஒரு கூடுதல் வசதி என்று மற்ற மொழி ஆசிரியர்கள் நினைக்கலாம். தமிழ் ஆசிரியருக்கு அதுதான் பாடநூல்.

ஒலிநாடாக் காலத்தில் வேலைக்கு வந்தவள் நான். கேட்டல் கருத்தறிதல் பாடத்துக்கு நாடாவைப் போடுவோம், பிறகு குறுவட்டு, அதன்பின் கணினிக் கோப்பு. கருவி மாறிக்கொண்டே இருந்தது, உள்ளே இருந்த குரல் மாறவில்லை. அறிவிப்பாளர் குரல் அது. ஒரு சொல் தடுமாறாது, ஒரு மூச்சு தவறாது. உரையாடல் என்று தலைப்பிட்டிருந்தாலும் இரண்டு பேர் மாறி மாறிச் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். பிள்ளைகள் கேட்பார்கள், கேள்விக்குச் சரியாக விடை குறிப்பார்கள். பேசச் சொன்னால் வாய் திறக்காது.

தமிழ்நாட்டுப் படங்களையும் தொடர்களையும் போட்டுக் காட்டலாமே என்று பெற்றோர் சொல்வார்கள். பொதுவான பேச்சுத்தமிழ் என்று ஒன்று ஊர் கடந்து, சாதி கடந்து பரவியதற்கு மேடை நாடகமும் திரைப்படமும் பெரிய காரணம் என்று ஷிஃப்மனே எழுதியிருக்கிறார். ஆகவே அந்த யோசனையை நான் தள்ளவில்லை, இங்குள்ள வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழியின் நாடகக் காட்சிகளையும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், ரசித்தார்கள், கதாநாயகன் பேசிய வசனத்தை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் ‘நேத்து சாயங்காலம் என்ன பண்ணினே?’ என்று கேட்டால் மறுபடியும் அதே மௌனம். கேட்டது ஓர் இடத்தில் தங்கியிருந்தது, பேச்சு வேறோர் இடத்தில் அடைபட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே எது குறுக்கே நிற்கிறது என்று எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை.

2020 ஏப்ரலில் கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கையால் பள்ளிகள் மூடப்பட்டு, 8ஆம் தேதி முதல் எல்லாரும் வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளிடம் ஒரு படத்தை அனுப்பி, அதைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னேன். வகுப்பறையில் இருபது பிள்ளைகள், அரைமணி நேரப் பாடம். ஆளுக்கு ஒரு நிமிடம் பேசக் கிடைத்தால் பெரிது. இப்போது ஒவ்வொரு பிள்ளையின் குரலும் தனித்தனியாக என் காதுக்குள் வந்தது. இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

ஒரு சிறுமி. வகுப்பில் கடைசி வரிசை, கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். படத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறாள் என்பது கேட்டதுமே தெரிந்தது. ‘இப்படத்தில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். மரங்கள் காணப்படுகின்றன.’ சொல்லுக்குச் சொல் இடைவெளி. முடித்துவிட்டாள். ஆனால் பதிவை நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லையோ, மறந்துவிட்டாளோ. ஐபேடை எங்கோ வைக்கும் சத்தம். அடுத்து அதே குரல், வேறு வேகத்தில்: ‘அப்பத்தா, முடிச்சிட்டேன். இல்ல, அதில்ல, அந்தக் கிண்ணம். அட, அது வந்து… நேத்து அம்மா கொண்டாந்தாங்கள்ல, அது.’ தூரத்தில் ஒரு கிழவியின் குரல். சிறுமி சிரிக்கிறாள். இன்னும் கொஞ்சம் பேச்சு. பிறகு பதிவு அறுந்துபோகிறது.

காதுப்பொறியைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பிள்ளைக்குத் தமிழ் பேச வராது என்று என் குறிப்பேடு சொல்கிறது. ‘கொண்டாந்தாங்கள்ல’ என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனை இலக்கணம் இருக்கிறது! வினை, காலம், மரியாதை, ‘உனக்கும் தெரியும்தானே’ என்று எதிராளியைச் சேர்த்துக்கொள்ளும் அந்தக் கடைசி ‘ல’. எந்த நாடாவும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. மற்றப் பதிவுகளின் வால்களையும் தேடிப் போனேன். எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் நான் எண்ணியிருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. தாத்தாவிடம் ஒரு முணுமுணுப்பு. தம்பியை அதட்டும் ஒரு வாக்கியம். குக்கர் விசிலுக்கு நடுவே, ‘அம்மா, டீச்சருக்கு அனுப்பிடவா?’

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் ‘வந்தாக’, ‘போனாக’ என்றுதான் பேச்சு. படிக்கப் போன இடத்தில் முதல் வாரமே அந்த ‘வந்தாக’வுக்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என்னிடம் இரண்டு குரல்கள். திருமணமாகிச் சிங்கப்பூர் வந்தபின் அந்தப் பழைய குரல் தொலைபேசிக்குள் மட்டும் வாழ்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் தாய்க்கு வாட்ஸ்ஆப் குரல்பதிவு வந்தது பெரிய வரம். தினமும் ஏதாவது அனுப்பிவிடும். அதை ஆசிரியர் அறையில் நான் திறந்து கேட்டதில்லை. காதுப்பொறியை மாட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் கேட்பேன். பதில் சொல்ல வேண்டுமானால் மாடிப்படிக்குப் போய்விடுவேன். தமிழ் ஆசிரியை தன் தாயோடு பேசும் தமிழைச் சக ஆசிரியர்கள் கேட்டுவிடக் கூடாது என்ற அச்சம் அது. வெட்கம் என்றும் சொல்லலாம். அப்போது யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அந்தச் சிறுமியின் குரலைக் கேட்டபோது இந்த அச்சம் எனக்கு மட்டும் உரியதல்ல என்பது புரிந்தது. அவளும் இரண்டு குரல்களோடுதான் பள்ளிக்கு வருகிறாள். அப்பத்தாவிடம் பேசும் குரலை வகுப்பு வாசலில் விட்டுவிட்டு, எனக்கென்று ஒரு குரலை மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறாள். அவளுக்குத் தமிழ் இல்லாமல் இல்லை. அந்தத் தமிழை என் முன்னால் பேசலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றிரவு என் தாயின் பழைய பதிவுகளை ஒரு மாணவி கேட்பதுபோலக் கேட்டேன். முதலில் என் காதில் விழுந்தவை அதன் தயக்கங்கள். ‘அது வந்து…’, ‘என்னமோ சொல்ல வந்தேன்…’, ‘அப்பறம்…’, ‘இல்ல, என்னன்னா…’. ஒரு பதிவில் பாதி நேரம் இந்தச் சொற்கள்தான். ஆனால் கேட்கத் தடையாக இல்லை. பேசுகிறவர் அடுத்த சொல்லைத் தேடும் நேரத்தில் கேட்கிறவரைப் பிடித்து வைத்திருக்கும் கைகள் அவை. எங்கள் பாட ஒலிப்பதிவுகளில் இவற்றையெல்லாம் துடைத்து எடுத்துவிடுகிறோம். அதனால் நல்ல தமிழ் பேசுகிறவர் தயங்கவே மாட்டார் என்று பிள்ளை நம்பிவிடுகிறது. தனக்குச் சொல் வராத கணத்தில் அது என்ன செய்யும்? வாயை மூடிக்கொள்ளும், அல்லது ஆங்கிலத் தயக்கச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஆங்கிலத்துக்குள் போய்விடும்.

ஆகவே பள்ளி திறந்ததும் முதலில் நான் சொல்லிக் கொடுத்தது தயங்குவதைத்தான். தாயிடம் கேட்டுக்கொண்டு அதன் பதிவு ஒன்றை வகுப்பில் ஒலிபெருக்கியில் போட்டேன். கை நடுங்கியது உண்மை. ‘வந்தாக’ என்றதும் ஒரு பையன், ‘எங்க தாத்தாவும் இப்படித்தான் பேசுவாங்க டீச்சர்’ என்றான். ‘வந்து’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவரும் ‘அது வந்து’ என்று தொடங்கி, வேண்டிய மட்டும் யோசித்து, அதன்பிறகு பேசலாம் என்றேன். பிள்ளைகள் பேசினார்கள். அழகாகப் பேசினார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் தமிழிலேயே நின்று பேசினார்கள்.

பதிவுசெய்த தன் குரலைக் கேட்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ‘இது நானில்ல’ என்பார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நமக்குள் கேட்கிறது. பதிவில் அந்த எலும்பு வழி ஒலி இல்லை, குரல் மெலிந்து அந்நியமாகத் தெரிகிறது. இதை ஒருமுறை விளக்கிவிட்டால் போதும், வெறுப்பு ஆராய்ச்சியாக மாறிவிடுகிறது. காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பார்ப்பார்கள். அதன்பின் தங்கள் பதிவைத் தாங்களே இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்கத் தயங்குவதில்லை. எங்கே ‘சென்றேன்’ என்று வாசிப்புக் குரலுக்குத் தாவினோம், எங்கே ‘போனேன்’ என்று சொன்னோம் என்பதை அவர்களே குறித்துக்கொள்கிறார்கள். நான் சிவப்புப் பேனாவால் திருத்துவதைவிட இது ஆழமாகப் போகிறது.

இன்னொரு மாற்றம், ஐபேட்களைக் குறைத்தது. ஆளுக்கொன்று இருந்தும், இரண்டு பேருக்கு ஒன்று என்று வைத்தேன். வீண் வேலை என்று முதலில் என் மேலாளருக்குத் தோன்றியது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரீசியா கூலின் ஆய்வை அவருக்குக் காட்டினேன். 2003இல் வெளிவந்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள், இருபத்தைந்து நிமிடம் வீதம் பன்னிரண்டு அமர்வுகள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களைக் காணொளியில் மட்டும் பார்த்த குழந்தைகளும் ஒலிப்பதிவில் மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் கற்கவில்லை. காணொளிக்கு எதிரான தீர்ப்பு என்று பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். 2018இல் கூலும் அவர் குழுவினரும் இன்னொன்று செய்தார்கள். தொட்டால் ஓடும் திரையில் காணொளி பார்க்கும் குழந்தையின் பக்கத்தில் இன்னொரு குழந்தையை உட்கார வைத்தார்கள். இணையாகப் பார்த்த குழந்தைகளின் மூளையில், தனியாகப் பார்த்த குழந்தைகளிடம் இல்லாத கற்றல் அடையாளம் தெரிந்தது. திரை அதுவேதான். பக்கத்தில் ஓர் உயிர் இருந்தது, அவ்வளவே வேறுபாடு. என் பிள்ளைகள் கைக்குழந்தைகள் இல்லை. ஆனாலும் இரண்டு தலைகள் ஒரு திரைமேல் குனியும்போது பேச்சு பிறப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

கதை சொல்லும்போது என் அப்பத்தா எங்களிடம் ஒரு நிபந்தனை போடும். ‘உம் கொட்டணும். கொட்டாட்டி நிறுத்திடுவேன்.’ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாங்கள் ‘ம்’ சொல்ல வேண்டும். தூங்கிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள மட்டுமல்ல. அந்த ‘ம்’மின் ஏற்ற இறக்கத்தை வைத்து அது கதையை நீட்டும், சுருக்கும், பயமூட்டும். காணொளிக்கு நம்முடைய ‘ம்’ தேவையில்லை. நாம் எழுந்து போனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். இதை உணர்ந்தபின் என் வகுப்பில் காணொளி முழுதாக ஓடுவதில்லை. ஓரிடத்தில் நிறுத்துவோம். இருவரில் ஒருவர் அதுவரை பார்த்ததைச் சொல்ல, மற்றவர் உம் கொட்ட வேண்டும். ‘ம்’ மட்டும் போதாது. ‘அப்படியா?’, ‘அய்யய்யோ’, ‘அப்பறம்?’, ‘ஏனாம்?’ எல்லாம் வர வேண்டும். கேட்டல் திறனைக் கோடிட்ட இடம் நிரப்பச் சொல்லித்தான் அளக்க வேண்டும் என்பதில்லை. சரியான இடத்தில் ‘ஏனாம்?’ கேட்ட பிள்ளை முழுக்கக் கேட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ‘ஏனாம்’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, பிறர் சொன்னதைச் சொல்லும் அந்த ‘ஆம்’ விகுதியும் தெரிந்துவிட்டது.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் வந்தபோதும் ஆர்வத்தோடு எடுத்துப் பார்த்தேன். பிள்ளை பேசுவதைக் கருவி திரையில் எழுதிக் காட்டும். சொன்னது தெளிவாக இருக்கிறதா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் பயன்படுத்திய செயலியில் ஒரு தொந்தரவு. ‘பண்ணிக்கிட்டிருந்தேன்’ என்றால் தடுமாறும், ‘செய்துகொண்டிருந்தேன்’ என்றால் சரியாக எழுதும். இரண்டு மூன்று முறை தோற்றதும் பிள்ளைகள் தங்கள் பேச்சை அதற்கு ஏற்றபடி வளைக்கத் தொடங்கினார்கள். கருவிக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பாட்டியிடம் பேசும் தமிழைக் கைவிடுவதா? அதை ஓரமாக வைத்துவிட்டேன். எழுத்துத் தமிழ் வாசிப்புப் பயிற்சிக்கு மட்டும் எடுக்கிறேன், அதற்கு நன்றாகவே உதவுகிறது. இவற்றை உருவாக்குகிறவர்கள் செய்தியறையோடு நின்றுவிடாமல் சமையலறையிலும் பேருந்திலும் பேசும் தமிழைச் சேகரித்துக் கருவிக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்று சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

வீட்டுக் குரல்களை வகுப்புக்குக் கொண்டுவரும்போது ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. பதிவின் வாலில் கேட்டது எனக்கென்று பேசப்பட்டதல்ல. அந்தச் சிறுமியின் பதிவை நான் வேறு யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. அவளுடைய அம்மாவை அழைத்து, கேட்டதைச் சொல்லி, அப்பத்தாவோடு அவள் பேசுவதையே வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ‘எங்க அத்தை பேசறது பட்டிக்காட்டுத் தமிழாச்சே டீச்சர்’ என்றார் அந்த அம்மா. அதைச் சொன்ன குரலில் இருந்த கூச்சம் எனக்கு நன்றாகத் தெரிந்த கூச்சம். என் தாயைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதன்பின் பேரப்பிள்ளை கேள்வி கேட்க, அப்பத்தா பதில் சொல்ல, வாராவாரம் ஒரு பதிவு வந்தது. வாய்க்காலில் மீன் பிடித்தது, கப்பலில் வந்து இறங்கியது, முதல் சம்பளத்தில் வாங்கிய புடவை. கேட்பவளின் ‘அப்பறம்?’ ஒவ்வொரு வாரமும் கூடிக்கொண்டே போனது.

வீட்டில் தமிழ் பேச ஒருவரும் இல்லாத பிள்ளைகள்தான் எனக்கு இன்னும் கடினம். அவர்களுக்குப் பதிவின் வாலிலும் ஆங்கிலம்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட சிலரை, பெற்றோர் ஒப்புதலோடு, அக்கம்பக்கத்து முதியவர்கள் சிலரோடு காணொளி அழைப்பில் இணைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலையில், பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருக்க, பேசுவார்கள். தலைப்பு நான் கொடுப்பதில்லை. துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கும் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு பெண்ணுக்கும் இங்கிலீஷ் பிரிமியர் லீக் காற்பந்துதான் பேச்சு. அவள் சொல்லும் அணி அவருக்குப் பிடிக்காது. அவர் சொல்லும் ஆட்டக்காரரை அவள் ஏற்கமாட்டாள். ‘அது வந்து தாத்தா, நீங்க சொல்றது தப்பு’ என்று அவள் தமிழில் வாதாடுகிறாள். போன வாரம் ஆஃப்சைடு விதியைத் தமிழில் எப்படி விளக்குவது என்று இருவரும் மாட்டிக்கொண்டார்கள். முடிவுக்கு வரவில்லை. தங்கள் இரண்டு விளக்கங்களையும் பதிவுசெய்து, எது சரியென்று வகுப்பே சொல்லட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமைக் கேட்டல் பாடம் அதுதான்.